அப்பாவின் மூன்றாவது பொட்டலம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்களில் கொடுத்தவர் பெயர் இருக்காது. யாருக்கு என்பது மட்டும்தான் இருக்கும். அதையும் இடக்கையால் எழுத வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? பரிசை வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டு, இதைக் கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அவர்தான் கழுவ வேண்டும். அப்பா போட்ட சட்டம் இது.

“பேர எழுதிட்டா கண்ணு பேருக்குத்தான் போகும். பொருளப் பாக்காது” என்பார்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் மெக்கானிக்காகப் போர்ட் பிளேயருக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இரண்டு அறை வீடு கட்டியவர். அம்மா, நான், என் தங்கை, அவர். நான்கு பேர்தான். இருபத்தைந்தாம் தேதி காலைப் பூசை முடிந்து, இட்லியும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, குடிலுக்கு முன்னால் பாய் விரித்து உட்காருவோம். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் முதல் பொட்டலத்தைத் தொடலாம். சின்னவள் முதலில் பிரிப்பாள், அப்பா கடைசி. காகிதத்தைக் கிழிக்கக் கூடாது. ஒருவர் மற்றவருக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும். ஆக ஆளுக்கு மூன்று பொட்டலம் வரும்.

அப்பா ஒரு வருஷம்கூடப் பாத்திரம் கழுவியது கிடையாது. பொருளைக் கையில் வாங்கி, மடிப்பைப் பார்த்து, மோந்து பார்த்து, மூன்றையும் சரியாகச் சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றுவதற்காக என் தங்கை எதையெல்லாமோ செய்து பார்த்தாள். ஒரு தடவை கைக்கடிகாரத்தைக் காலி கிரீஸ் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைப் பழைய துணியில் சுற்றி, அதைத் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டாள். அப்பா தையலைப் பிரிக்காமலே அவள் பக்கம் திரும்பி, “கழுதை, இப்படித் தைக்கிறதுக்கு வேற யாருக்குப் பொறுமை இருக்கு” என்றார். அவள் பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

படிப்பை முடித்துவிட்டு அவள் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஏற்கெனவே ஒரு அலுவலகத்தில் கிளார்க். கடையில் பரிசுப் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. டேப் ஒட்டாமல், காகிதத்தின் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியே கட்டிவிடுவாள். பிரிக்கும்போது பூ விரிவதுபோல ஒரே இழுப்பில் திறக்கும். அந்தக் கடைக்கு பம்புசெட்டை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பட்டைக்குக் கெட்டித் துணி வாங்க வந்தவர்தான் அவள் கணவர். வங்காளி. தெற்கே கப்பலில் போகும் தூரத்துத் தீவில், ஹட் பேயில் பாக்குத் தோட்டமும் ஒரு சிறிய பம்புசெட் கடையும் உள்ள குடும்பம். இந்து.

அவர்கள் பழகுவது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் பாதி தெரியும். அப்பாவிடம் சொல்லும் தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தியை படகுகள் கட்டும் ஜெட்டியில் ஒரு படகு முதலாளிதான் அப்பாவிடம் சொன்னார். அதுவும் சிரித்துக்கொண்டே, வாழ்த்துச் சொல்வதுபோல. அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. கழுவக்கூட இல்லை.

“மதம் என்ன எழவோ இருந்துட்டுப் போவட்டும். என்ட்ட ஒரு வார்த்த சொன்னாளா?” என்றார். பிறகு, “இந்த வீட்ல இனி மூணு பேருதான்” என்றார்.

அவள் இரண்டு தடவை வந்தாள். கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவை வரவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று குடிலுக்கு முன்னால் பாயை விரித்துவிட்டு அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் உட்காரவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகுதானே ஆரம்பிக்க வேண்டும். அப்பா எங்களைப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சு. ஆரம்பிக்கலாம்” என்றார்.

மூன்று பேர் இருக்கும் வீட்டில், கொடுத்தது யார் என்று கேட்க என்ன இருக்கிறது? ஒருவருக்கு இரண்டு பொட்டலம். ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகத் தெரிந்துவிடும். ஆனாலும் நாங்கள் இடக்கையால் எழுதினோம். பிரித்துவிட்டு யோசிப்பதுபோல உட்கார்ந்தோம். அம்மா என் பெயரைச் சொன்னாள். நான் அம்மாவைச் சொன்னேன். அடுத்த வருஷமும் அப்படித்தான். அந்த வருஷம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. என் போனில் வந்த படங்களை அம்மா சமையலறையில் நின்று பார்ப்பாள். அடுப்பில் குக்கர் இருக்கும்போது மட்டும்தான் பார்ப்பாள், பேச்சு வெளியே கேட்காது என்று.

மூன்றாவது வருஷம், டிசம்பர் மூன்றாவது வாரத்தில், தங்கை போன் செய்து அபர்டீன் பஜாருக்கு வரச் சொன்னாள். ஒரு டீக்கடையில் சந்தித்தோம். குழந்தைக்கு ஒன்றரை வயது. அவள் இடுப்பில் உட்கார்ந்து ரஸ்க்கை நக்கிக்கொண்டிருந்தது. அவள் மெலிந்திருந்தாள், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கணவருடைய அத்தை வீடு இங்கே பக்கத்தில் கராச்சர்மாவில் இருக்கிறது என்றும், புத்தாண்டு வரை அங்கேதான் இருக்கப்போகிறேன் என்றும் சொன்னாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவளே கட்டியது. மேலே ‘அப்பா’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது.

“எக்கா, இத மத்ததோட சேத்து வச்சிரு. இடக்கையாலதான் எழுதுனேன்.”

“அப்பா கண்டுபிடிச்சிருவாருட்டி.”

“கண்டுபிடிக்கணும்னுதான குடுக்கேன்.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “நீ ஒண்ணும் சொல்லாத. அம்மாவும் சொல்லக் கூடாது. அவரு வாயால எம் பேரச் சொல்லிட்டாருன்னா எனக்கு ஒரு போன் போடு. ஆட்டோ புடிச்சு இவளயும் தூக்கிட்டு வந்துருதேன். கால் மணி நேரம்தான.”

“சொல்லலன்னா?”

“அவரு என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்காரு?”

அந்த நாலைந்து நாளும் நான் அந்தப் பொட்டலத்தை என் அலுவலகப் பையிலேயே வைத்திருந்தேன். இருபத்து நான்காம் தேதி மாலையில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா பொட்டலத்தை வாங்கி ஒரு நிமிஷம் நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு, கசங்கிவிடும் என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவள் வழக்கத்துக்கு மேலே அரை கிலோ கறி கூடுதலாக வாங்கிவரச் சொன்னாள். அப்பா எதற்கு என்று கேட்கவில்லை.

பூசை முடிந்து, சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்தோம். நான் என்னுடையதைப் பிரித்தேன், அம்மா அவளுடையதைப் பிரித்தாள். என்ன வந்தது என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா முதல் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சாரம், வீட்டில் கட்டுகிற லுங்கி. “உங்கம்மா” என்றார். இரண்டாவது, வேலைக்குக் கொண்டுபோகிற ஃபிளாஸ்க். “நீ” என்றார். பிறகு குனிந்து மூன்றாவதைக் கையில் எடுத்தார்.

அதைத் திருப்பினார். எங்கேயும் டேப் இல்லை. செருகியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவருடைய விரல் நகங்களுக்குள் எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு இருக்கும். அந்த விரல் அந்த ஓரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இழுத்தார். காகிதம் ஒரே வீச்சில் விரிந்தது.

உள்ளே ஒரு அரைக்கைச் சட்டை. நீலக் கட்டம் போட்டது. இரண்டு பக்கமும் மூடி வைத்த பை, பட்டனோடு. குனிந்து இன்ஜினைப் பார்க்கும்போது அவருடைய போன் இரண்டு தடவை படகுக்குள் தண்ணீரில் விழுந்திருந்தது. மூடி வைத்த பை உள்ள சட்டையை அவர் எவ்வளவோ நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். அம்மாவின் பரிசைச் சொல்லியாயிற்று, என் பரிசையும் சொல்லியாயிற்று. இதைக் கொடுக்க அந்த அறையில் வேறு ஆள் கிடையாது.

அப்பா சட்டையை மடியில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டிருந்தார்கள். நான் போனைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தேன்.

அவர் சட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ ரெண்டு வச்சிட்டியாட்டி?”

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சம்பாதிக்கிறவள், சின்னப் பிள்ளை அல்ல. ஆனால் அவர் குரலில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அது என்னைப் பயமுறுத்திவிட்டது. நான் இல்லை என்று சொன்னால் அவர் எழுந்து அந்தச் சட்டையை வெளியே எறிந்துவிடுவார், அதை அவள் என்றைக்காவது கேள்விப்படுவாள் என்று தோன்றியது. அப்படித்தான் நான் அப்புறம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நொடியில் நான் எதையும் யோசிக்கவில்லை.

“ஆமாப்பா” என்றேன்.

“ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு தெரியாதா?”

“கடையில பாத்தேன். பிடிச்சிருந்துச்சு.”

“ம்” என்றார். சட்டையைத் திரும்ப மடித்தார். காகிதத்தையும் தனியாக மடித்தார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து நான் தங்கைக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னக்கா, சொல்லிட்டாரா?”

“நான் ரெண்டு வச்சேனான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னு சொல்லிட்டேன்ட்டி.”

அந்தப் பக்கம் ஒரு டீவி வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தது. குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“இருக்கேங்க்கா” என்றாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “தப்பாச் சொல்லிட்டாருல்ல. பாத்திரத்த அவரத்தான் கழுவச் சொல்லணும்.”

புத்தாண்டு வரை அவள் இருக்கவில்லை. இருபத்தேழாம் தேதி கப்பலிலேயே ஹட் பேக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகும் பேசினோம். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குழந்தை நடப்பது, குழந்தை பேசுவது, மழை, பாக்கு விளைச்சல். அப்பா அந்தச் சட்டையைப் போடுகிறாரா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிறார் என்றேன். அது உண்மை. வேலைக்கு என்று வாங்கிய சட்டையை அவர் ஒருநாளும் வேலைக்குப் போட்டதில்லை.

ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அவள் கணவர் எனக்குப் போன் செய்தார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, போர்ட் பிளேயருக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள், ஆனால் கடல் மோசமாக இருப்பதால் கப்பல் இல்லை, ஹெலிகாப்டரும் பறக்க முடியாது என்கிறார்கள் என்று ஹிந்தியில் சொன்னார். பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவளைப் பற்றி மூன்று வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக ஜங்லிகாட் ஜெட்டிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். காற்றில் நிற்க முடியவில்லை. அங்கே நின்ற படகுகளில் பாதிக்கு இன்ஜின் வேலை பார்த்தவர் அவர்தான். ஒவ்வொரு படகாகப் போய்க் கேட்டார். முப்பது வருஷமாக அவரை உஸ்தாத், குரு என்று கூப்பிடுகிறவர்கள். ஒரு தெலுங்குக்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உஸ்தாத், சமுந்தர் தேக்கோ” என்றார். கடலைப் பாருங்கள் என்கிறார். அப்பா பார்த்தார். துறைமுக வாய்க்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“படகக் குடு, நானே ஓட்டிட்டுப் போறேன்” என்று தமிழில் சொன்னார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டுச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் போனோம். அன்று காலை பதினொன்றரை மணிக்கு என் போன் அடித்தது. எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கொஞ்ச தூரத்தில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரிடம் போனேன். என் முகத்தைப் பார்த்தார். ஜெட்டியின் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் ஓடியது. நாங்கள் மூவரும் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. அந்த மழையில் அவ்வளவு நேரம் வைத்திருக்க வழியில்லை. அவள் கணவர் மாதா கோவிலில் போய்க் கேட்டு, பங்குச் சாமியாரை அழைத்துவந்து, கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்திருந்தார். அவர் வீட்டார் வேறு மாதிரி செய்யச் சொன்னார்களாம். இவர் சம்மதிக்கவில்லை. நாங்கள் பார்த்தது சேறு பூசிய மண்ணையும், பெயிண்டில் பெயர் எழுதிய ஒரு மரச் சிலுவையையும்தான். அம்மா அந்த மண்ணில் விழுந்தாள். குழந்தை யாரோ ஒரு வங்காளிப் பெண்ணின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்பா தன் மருமகனிடம் போய் நின்றார். அந்த மனிதர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கப்பலின் மேல்தளத்தில் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். வெயில் அடித்தது. கடல், ஒன்றுமே நடக்காததுபோல, எண்ணெய் விட்டது மாதிரி கிடந்தது. அம்மா எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் படுத்திருந்தாள்.

“எனக்குத் தெரியும்ட்டி” என்றார் அப்பா.

“என்னதுப்பா?”

“அந்தச் சட்ட அவ வச்சதுன்னு. காயிதத்தத் தொட்டதுமே தெரியும்.”

“பெறகு ஏம்ப்பா என்ட்டக் கேட்டீங்க?”

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லிட்டா, அப்புறம் நான் சொல்லிரலாம்னு இருந்தேன்.”

அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. அந்த மனிதர் தன்னால் சொல்ல முடியாததை என் வாயில் வைத்திருக்கிறார். நான் அதைப் பயந்து விழுங்கியிருக்கிறேன். கால் மணி நேரத் தூரத்தில் ஒருத்தி குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். “என் தலையில போடாதீங்கப்பா” என்று கத்தினேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். “எம் மேல போடாதீங்க. பெத்தவரு நீங்க.”

பெஞ்சிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் தூங்கவில்லை.

“நானும்தான அங்கன உக்காந்திருந்தேன்” என்றாள். “எனக்கும் வாய் இருந்துச்சே.”



எங்கள் வீட்டில் இப்போது கிறிஸ்துமஸுக்குப் பரிசு கிடையாது. அம்மா குடில் வைப்பாள். பூசைக்குப் போவோம், சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு நேரம் வரும், பாய் விரிக்கிற நேரம். அந்த நேரத்துக்கு அப்பா எங்காவது வெளியே போய்விடுவார். திருநாள் அன்று எந்தப் படகில் என்ன வேலை இருக்கும்? ஆனாலும் போவார்.

அவள் இறந்த வருஷம் டிசம்பரில் நான் மட்டும் ஹட் பேக்குப் போனேன். குழந்தைக்குப் பொம்மை, கவுன், ஷூ என்று மூன்று பொட்டலம் கொண்டுபோனேன். அவள் கணவர் வாங்கி அலமாரியின் மேலே வைத்தார். டீ கொடுத்தார். நான் கிளம்பும்போது, “அக்கா, தப்பா நினைக்காதீங்க, கிறிஸ்துமஸுக்கு இங்க வர வேண்டாம். வேற எப்ப வேணும்னாலும் வாங்க” என்று ஹிந்தியில் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே அந்த நாள் காலையில் அவள் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். சாப்பாடு வேண்டாம் என்பாளாம். மத்தியானம் தாண்டிய பிறகுதான் எழுந்து சேலையை மாற்றுவாளாம். அந்த நாளில் எங்கள் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார்.

அதனால் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் போகிறேன். டிக்கட்டில் போர்ட் பிளேயரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று வருகிறது. ஹட் பேக்குப் பெயர் மாறவில்லை. குழந்தைக்கு ஆறு வயதாகிவிட்டது. அவளுக்குத் தமிழ் தெரியாது. வங்காளமும் ஹிந்தியும்தான். பெரியம்மாவான என்னை மாஸி என்று கூப்பிடுகிறாள். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் வருகிறாள். பேத்தியோடு ஹிந்தியில் பேசக் கஷ்டப்பட்டு, பாதியில் தமிழுக்கு வந்துவிடுவாள். குழந்தை புரிந்ததுபோலத் தலையாட்டும்.

இந்த வருஷம் முதல் தடவையாக அப்பாவும் வந்தார். இரண்டு நாள் இருந்தோம். மருமகனின் கடையில் ரிப்பேருக்கு வந்து கிடந்த பம்புசெட்டுகளை அவர் கேட்காமலே பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தில் நான்கை ஓடவைத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார். குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் ஓரடி தள்ளி நின்று பார்த்தது. அவரும் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கிளம்புகிற அன்று மருமகன் எங்கள் பைகளை ஸ்கூட்டரில் ஜெட்டிக்குக் கொண்டுவந்தார். கப்பல் ஏறும் இடத்தில் அப்பா நின்று திரும்பினார். அவருக்கு ஹிந்தி சரளமாக வரும். ஆனால் அன்றைக்குத் தட்டுத்தடுமாறித்தான், மறுபடி வரலாமா என்று கேட்டார்.

அந்த மனிதர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பைகளை ஒவ்வொன்றாக ஸ்கூட்டரிலிருந்து இறக்கி எங்கள் காலடியில் வைத்தார். குழந்தை பள்ளிவிட்டு வரும் நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.